ஒரு வீடு, மூன்று பள்ளிக்கூடங்கள்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பட்ட சொற்பொழிவு)



பிள்ளைகளுக்கேற்ற பள்ளியைத் தெரிவு செய்தல் என்னும் பொருள்பற்றிப் பேசும்படி செயலாளர் எம்மைக் கேட்டபோது முதலில் மறுத்துவிட்டோம். பிள்ளை பெற்று வளர்த்த பெரியோர் நிறைந்த சபையிலே, பல்கலைக்கழகப் படிப்பையே இன்னும் முடியாத ஒருவர் எழுந்து நின்று பெற்றாருக்குப் புத்தி கூறுவது அழகன்று. "நீர் புத்தி சொல்ல வேண்டாம் தம்பி, உம்முடைய வீட்டிலை நடந்ததைச் சொல்லும், அது காணும்" என்றார் செயலாளர். அதனால் வந்தோம். வீட்டாரின் சம்மதம் பெற்றே வந்திருக்கிறோம் என்பதையும் சொல்லி வைக்கிறோம்.

எமது நாட்டிலே கல்வி இலவசம். 1945ஆம் ஆண்டு தொடக்கம், கன்னங்கராவின் முயற்சியால், அந்தப் பேறு எமக்குக் கிட்டிற்று. அப்படியிருக்க, காசு கொடுத்துப் படிப்பிக்கும் பள்ளி எதற்கு என்று கேட்பவர் உண்டு. கேள்வி நியாயமானதே. ஆனால் யாழ்ப்பாணத்திலே தனியார் பள்ளி என்பது நேற்று முளைத்த சரக்கன்று. 1960ஆம், 1961ஆம் ஆண்டுச் சட்டங்களின்படி உதவி பெறும் பள்ளிகளை அரசாங்கம் பொறுப்பேற்றபோது, இந்துக் கல்விச் சபையார் நடத்திய பள்ளிகள் அரசின் கைக்குச் சென்றன. மிஷன் பள்ளிகளிலும் மிகப் பல அவ்வாறே சென்றன. யாழ்ப்பாணம் பரி. யோவான் கல்லூரி, சுண்டிக்குளி மகளிர் கல்லூரி, வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரி, உடுவில் மகளிர் கல்லூரி போன்ற சில, அரசிடம் போகாமல் தனித்து நின்றன. ஆகவே எங்கள் ஊரவர் தனியார் பள்ளி என்று சொன்னால் அது பெரும்பாலும் பாதிரிமார் தொடங்கிய பள்ளியாகவே இருக்கும். சைவப் பிள்ளையின் பெற்றாருக்கு இதிலே ஒரு மனக்குறுகுறுப்பு உண்டு. அதைப்பற்றிப் பின்னர் சொல்வோம். 1961ஆம் ஆண்டுச் சட்டம் புதிய தனியார் பள்ளிகளுக்கு இடம் வைக்கவில்லை. பின்னாளில் பெருகிய சர்வதேசப் பாடசாலைகள் கம்பனிச் சட்டத்தின்கீழ்ப் பதிவு பெற்றவை. அவற்றைப்பற்றி எமக்கு அனுபவம் இல்லை. அனுபவம் இல்லாததைப் பேசி உங்கள் நேரத்தைக் கொள்ளையிட விரும்பவில்லை.

எங்கள் வீட்டிலே நாம் மூவர். நாம் மூத்தவர். எமக்கு மூன்று வயது இளையவள் தங்கை. அவளுக்கு நான்கு வயது இளையவன் தம்பி. அப்பா கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கெழுதுபவர். அம்மா வீட்டிலே தையல் வேலை செய்பவர். நாம் 6ஆம் தரத்துக்குச் சென்றபோது, கனடாவிலிருக்கும் மாமா, "பெடியனை நல்ல பள்ளிக்கூடத்திலை விடுங்கோ, காசை நான் பார்க்கிறன்" என்று சொல்லி, ஒரு பெரிய மிஷன் கல்லூரியிலே எம்மைச் சேர்ப்பித்தார். எமக்கு அங்கே என்ன தேவை இருந்தது? உண்மையைச் சொன்னால், ஒன்றுமில்லை. நாம் எந்தப் பள்ளியிலும் படித்திருப்போம். மூத்தவன், ஆண் பிள்ளை, மாமாவின் கையிலே காசு இருந்த காலம். தெரிவு என்று சொல்லத்தக்க ஒன்று அங்கே நடக்கவேயில்லை.

தங்கை ஊர்ப் பள்ளியிலே படித்தாள். அது ஒரு காலத்தில் சைவப் பெரியார் ஒருவர் தம் காணியைக் கொடுத்துக் கட்டுவித்த பள்ளி. இப்போது அரசினுடையது. 2016இல் 5ஆம் தரப் புலமைப் பரிசில் பரீட்சையில் வெட்டுப்புள்ளிக்கு மேல் எடுத்து, பட்டினத்து அரசினர் மகளிர் பாடசாலை ஒன்றுக்குப் போனாள். எல்லோரும் மகிழ்ந்தோம். அவளுக்குச் செலவில்லை என்பதும் அந்த மகிழ்ச்சியில் ஒரு பங்கு.

இனித் தம்பியின் கதை. 2016 தையிலே அவன் 1ஆம் தரத்தில் ஊர்ப் பள்ளியிலே சேர்ந்தான். அரச பாடசாலைகளின் 1ஆம் தர அனுமதியிலே, அங்கு ஏற்கெனவே பயிலும் பிள்ளையின் சகோதரருக்கென்று தனி ஒதுக்கீடு உண்டு என்பதை நீங்கள் அறிவீர்கள். அக்கா அங்கே படிக்கும்போதே விண்ணப்பித்ததால் தம்பிக்கும் இலேசாக இடம் கிடைத்தது. ஒரு வீட்டுப் பிள்ளைகள் ஒரு பள்ளிக்குப் போவதே எங்கள் வழக்கம். ஒரே சீருடைத் துணி, ஒரே வான், அக்காவின் பழைய புத்தகம், ஒரே பெற்றார் கூட்டம். தாய்மாருக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்பதை யாம் குறைத்துச் சொல்லவில்லை.

மூன்று ஆண்டுகளும் தம்பியின் தேர்ச்சி அறிக்கையில் ஒரே வாக்கியம் வந்தது: "கவனம் போதாது." அப்பா அதட்டினார். நாமும் அதட்டினோம். குட்டும் போட்டோம் என்பதை இந்தச் சபையில் மறைக்கவில்லை. சொல்வதெழுதுதலிலே 'படம்' என்றால் 'மடம்' என்று எழுதுவான். 'கல்' என்றால் 'பல்' என்பான். எழுத்தைப் பார்த்து எழுதச் சொன்னால் முத்து முத்தாக எழுதுவான். இந்த வித்தியாசத்தை வீட்டிலே படித்தவர் எவரும் கவனிக்கவில்லை. 5ஆம் வகுப்போடு படிப்பை நிறுத்திய எங்கள் அம்மம்மாதான் கவனித்தார். திண்ணையிலே வலது பக்கம் இருந்து கூப்பிட்டால் ஓடி வருகிறவன், இடது பக்கம் இருந்து கூப்பிட்டால் அசைவதில்லை. ஒருநாள் அவர் சொன்னார்: "மோனை, இவன் சொல்வழி கேளாத பிள்ளையில்லை. இவனுக்குச் சொல்லுத்தான் கேக்கேல்லை."

குழந்தைப் பருவத்திலே அவனுக்கு அடிக்கடி காதில் சீழ் வடியும். பஞ்சு வைத்துத் துடைத்து விட்டதோடு எங்கள் வைத்தியம் முடிந்திருந்தது. 2018இல் ஆஸ்பத்திரியிலே செவிப்புலன் பரிசோதனை செய்தபோது இரு காதும் பழுதுபட்டிருந்தமை தெரிந்தது. இடது காது மிகவும் மோசம், வலது காது பாதியளவு. நாற்பதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் இருக்கும் வகுப்பிலே, மேலே மின்விசிறி கடகடக்க, ஆசிரியர் கரும்பலகையைப் பார்த்தபடி சொன்னது அவனுக்கு எப்படிக் கேட்டிருக்கும்? அவனும் தனக்குக் கேட்கவில்லை என்று சொன்னதில்லை. எல்லோருக்கும் உலகம் அவ்வளவுதான் கேட்கும் என்று அவன் எண்ணியிருந்தான்.

இந்த இடத்திலே எமது பிழையைச் சொல்ல வேண்டும். கைதடியிலுள்ள நவீல்ட் பாடசாலையையும் போய்ப் பாருங்கள் என்று ஒருவர் சொன்னார். செவிப்புலன், விழிப்புலன் குறைந்த பிள்ளைகளுக்காக மேரி சப்மன் அம்மையார் 1912இல் தொடங்கிய மிஷன் பணி இரத்மலானையில் வளர்ந்து, 1950களிலே தமிழ்ப் பிள்ளைகளுக்காகக் கைதடியிலும் காலூன்றிய வரலாறு எமக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்தாலும் ஏற்றிருக்க மாட்டோம். "எங்கடை தம்பியைச் செவிட்டுப் பள்ளிக்கூடத்திலை விடுறதோ?" என்று வீடதிரக் கத்தினோம். கல்லூரி நண்பர்கள் என்ன சொல்வார்கள் என்பதே எமது முழுக் கவலையும். எமக்கு அப்போது பதினைந்து வயது. மூத்தவனின் சொல்லுக்கு வீட்டிலே மதிப்பிருந்தது. அப்பா பேசாமல் விட்டுவிட்டார். ஓர் ஆண்டு வீணாயிற்று. பத்து வயதுக்குட்பட்ட பிள்ளையின் ஓர் ஆண்டு எவ்வளவு பெரியது என்று இங்கே இருக்கும் ஆசிரியர்கள் அறிவார்கள்.

2019இல் ஒருநாள் அம்மா எம்மைக் கையோடு கைதடிக்கு அழைத்துச் சென்றார். அங்கே பிள்ளைகள் மரத்தடியிலே கைகளால் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் தம்பியை விட நன்றாகச் சிரித்தார்கள். நாம் தலை குனிந்து நின்றோம். பின்னர் வைத்தியர் வேறு விதமாக ஆலோசனை சொன்னார். அவனுக்குப் பேச்சு நன்றாக வந்துவிட்டது, மிச்சமிருக்கும் கேள்விப் புலனோடு கருவியும் போட்டால், பிள்ளைகள் குறைந்த சாதாரண வகுப்பே போதும் என்றார். கைமொழி வேண்டிய பிள்ளைக்குக் கைமொழிப் பள்ளி, எங்கள் பிள்ளைக்குச் சிறிய வகுப்பு. சில அரச பாடசாலைகளிலே விசேட கல்வி அலகு உண்டு. எங்கள் வீட்டிலிருந்து போய்வரக்கூடிய தூரத்தில் இருந்த அலகு, படிப்பு விளங்காத பிள்ளைகளுக்கானதாகவே இருந்தது. இவனுக்குப் படிப்பு விளங்கும். கேட்டால் விளங்கும்.

வீட்டிலே வழக்கு எழுந்தது. மாமாவின் பணம் ஒருவருக்கே போதும். அதுவும் எமது கல்லூரிக்கே போய்க்கொண்டிருந்தது. பெரியப்பா வந்து, "கறக்கிற மாட்டுக்கல்லோ பிண்ணாக்கு வைக்கிறது? படிக்கிற மூத்தவனை விட்டிட்டு இவனுக்கோ காசு கொட்டப் போறியள்?" என்றார். அம்மாவுக்கு வேறு துன்பம். "ஒரே வயித்திலை பிறந்ததுகளுக்கு ஒரு கண்ணிலை வெண்ணெய், மற்றக் கண்ணிலை சுண்ணாம்போ?" என்று அழுதார். சமமாக நடத்துவது என்றால் ஒரே மாதிரிச் செலவு செய்வது என்று அம்மா எண்ணினார். நாமும் அப்படித்தான் எண்ணினோம். அம்மம்மா மட்டும், "மூண்டு பேருக்கும் ஒரே அளவிலையோ சட்டை தைக்கிறாய்?" என்று தையல் மெசினைக் காட்டிக் கேட்டார். அம்மா அதற்குப் பிறகு அழவில்லை.

முதலில் எமது கல்லூரிக்கே தம்பியைக் கூட்டிச் சென்றோம். அண்ணன் படிக்கிற இடம், தம்பிக்கு இடம் கொடாமலா போவார்கள் என்ற நம்பிக்கை. நுழைவுப் பரீட்சை வைத்தார்கள். ஒரு மண்டபத்திலே அறுபது பிள்ளைகளை இருத்தி, ஒருவர் மேடையில் நின்று கேள்விகளை வாசித்தார். தம்பி பின்வரிசையில் இருந்தான். விடைத்தாளில் பாதி வெறுமையாய்க் கிடந்தது. "எங்கள் வகுப்புக்கு ஈடுகொடுக்க இவரால் முடியாது" என்று மரியாதையாகச் சொல்லி அனுப்பினார்கள். எமக்கு அறிவு தந்த கல்லூரி அது. இன்றும் அதை நேசிக்கிறோம். ஆனால் அன்றைக்கு வாசலைத் தாண்டும்போது, நாம் அணிந்திருந்த கழுத்துப்பட்டி எமக்குக் கனத்தது.

பிறகு போனது பெயர் பெற்ற பள்ளியன்று. பழைய மிஷன் கட்டடம், ஓட்டுக் கூரை, வகுப்பிலே 22 பிள்ளைகள். பரிசளிப்பு விழாவுக்கு மந்திரிமார் வருகிற இடமில்லை. அங்கிருந்த ஆசிரியை ஒருவர் தேர்ச்சி அறிக்கையைத் திறந்து பார்க்கவில்லை. தம்பியின் முகத்துக்கு நேரே குனிந்து, "உமக்கு எந்தக் காது நல்லாக் கேக்கும்?" என்று கேட்டார். அவன் வலது காதைத் தொட்டுக் காட்டினான். அவர் எழுந்து, முன்வரிசையிலே இடது ஓரத்து நாற்காலியை இழுத்துப் போட்டு, அவன் வலது காது வகுப்பை நோக்கும்படி இருத்தினார். அப்பா அங்கேயே அனுமதிப் படிவத்தைக் கேட்டு வாங்கினார்.

2020 தையிலே சேர்ந்தான். பங்குனியில் கொரோனாவால் நாடெங்கும் பள்ளிகள் மூடப்பட்டன. போட்ட காசு போயிற்று என்று நினைத்தோம். நடந்ததோ வேறு. ஆசிரியர்கள் கைப்பேசியிலே குரற்பதிவாக அனுப்பிய பாடங்களைத் தம்பி காதுக்கருகே வைத்து, ஒன்றை நான்கு முறை, ஐந்து முறை கேட்டான். வகுப்பிலே ஆசிரியரை ஐந்து முறை சொல்லச் சொல்ல எவருக்குத் துணிவு வரும்? அந்த மாதங்களில் அவன் படித்தது அதிகம். பள்ளி திறந்த பிறகுதான் இடர் வந்தது. எல்லோரும் முகக்கவசம் அணிந்திருந்தார்கள். அவன் இத்தனை காலமும் பாதியைக் காதாலும் பாதியை உதட்டைப் பார்த்தும் விளங்கி வந்தான் என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. அந்த ஆசிரியை தூரத்தில் நின்று முகக்கவசத்தை இறக்கி அவனுக்கு மட்டும் மறுபடி சொல்வாராம்.

இனிப் பெரியோர் சிலரின் மனக்குறைக்கு வருவோம். "மூண்டிலை ரெண்டைப் பாதிரியாரிட்டைக் குடுத்திட்டினம்" என்று இச்சங்கத்து மூத்தவர் ஒருவரே அப்பாவிடம் சொன்னார். அவர்மேல் எமக்குக் கோபமில்லை. நாவலர் பெருமான் வெஸ்லியன் மிஷன் பாடசாலையிலே படித்து, அங்கேயே பேர்சிவல் பாதிரியாரோடு பணியும் ஆற்றியவர். 1848இல் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். மிஷன் பள்ளியைத் திட்டிக்கொண்டு மட்டும் அவர் வீட்டில் இருக்கவில்லை. எங்கள் பிள்ளைக்கு வேண்டிய பள்ளியைச் சைவர் நாம் இன்று நடத்துகிறோமா என்பதே எமது கேள்வி. 22 பிள்ளைகளுள்ள வகுப்பை நாம் ஒன்று காட்டினால் தம்பியை நாளைக்கே கூட்டி வருவோம்.

சமயம்பற்றி நாம் கவனமில்லாமல் இருக்கவில்லை. தனியார் பள்ளியில் பிள்ளையைச் சேர்ப்பவர் முதலாவதாகக் கேட்க வேண்டியது, சைவநெறி படிப்பிக்கச் சைவ ஆசிரியர் உண்டா என்பது. சாதாரண தரப் பரீட்சையில் சமயம் கட்டாய பாடம். ஆசிரியர் இல்லாவிட்டால் பிள்ளை அந்த நேரத்தில் நூலகத்திலே தூங்கும். எமது கல்லூரியில் இருந்தார். தம்பியின் பள்ளியில் இருக்கவில்லை. அப்பா அதிபரோடு பேசி, வேறு நான்கு சைவப் பெற்றாரையும் சேர்த்துக்கொண்டு, கிழமைக்கு இரு முறை ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் வந்து படிப்பிக்க ஒழுங்கு செய்தார். அதிபர் மறுப்புச் சொல்லவில்லை, சந்தோஷப்பட்டார். தம்பி திருநீறு பூசித்தான் பள்ளிக்குப் போகிறான். எங்கள் கோயிலிலே தேவாரம் படிக்கும் குரலை அவன் தெளிவாகக் கேட்டது கருவி போட்ட பிறகுதான். ஆனால் தீபாராதனையின்போது மணியோசை தாங்காமல் கருவியைக் கழற்றிக் கையிலே பொத்திக்கொள்வான். ஐயர் அதைக் கண்டு, ஏதோ விளையாட்டுப் பொருள் என்று ஒருநாள் ஏசினார். இப்போது அவரே "மணி அடிக்கப் போறன் தம்பி" என்று கண்காட்டுகிறார்.

கட்டணத்தைப்பற்றி ஒரு வார்த்தை. பள்ளிக் கட்டணம் மட்டும் கட்டணமன்று. சேரும்போது கேட்கும் நன்கொடை, வான் காசு, சப்பாத்து, விளையாட்டுப் போட்டிக்கு இல்ல நிறத்திலே சட்டை, எங்கள் வீட்டிலே மேலதிகமாகக் கருவியின் பற்றறி. ஒரு சோடி பத்து நாளைக்கு மேல் வராது. 2022இலே எரிபொருள் இல்லை, விலைகள் ஏறின, வான் ஓடவில்லை. அப்பா தம்பியை ஏற்றிக்கொண்டு சைக்கிள் மிதித்தார். வீட்டிலே எதை நிறுத்துவது என்று இரவிலே கணக்குப் பார்த்தார்கள். பற்றறியை நிறுத்த முடியாது. எமது உயர்தரப் படிப்பை நிறுத்த முடியாது. தங்கையின் வயலின் வகுப்பை நிறுத்தினார்கள். அவள் சாதாரண தரத்துக்கு ஆயத்தம் செய்துகொண்டிருந்த ஆண்டு. "பரவாயில்லை" என்றாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது என்று எல்லோரும் நினைத்தோம்.

இந்தச் சொற்பொழிவை எழுதி அவளிடம் வாசித்துக் காட்டினோம். தம்பியின் காதைப்பற்றி எட்டுப் பக்கம், அவளைப்பற்றி நான்கு வரி. அவள் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னாள்: "புலமைப் பரிசில் எடுத்த நேரம், வயலினும் படிக்கலாம் எண்டு நான் அந்த மகளிர் கல்லூரிக்குத்தான் போக ஆசைப்பட்டனான். ஒருத்தரும் கேக்கேல்லை. அண்ணாவுக்குக் காசு கட்ட ஒரு காரணம், தம்பிக்குக் காசு கட்ட ஒரு காரணம். நான் காரணமில்லாத பிள்ளை." அம்மா அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். நாம் அன்று எழுதியதைக் கிழித்துவிட்டு மறுபடி எழுதினோம். இப்போதும் அவளுக்குரிய பக்கங்கள் குறைவு என்பதை அறிவோம். அவளது பள்ளி நல்ல பள்ளி. அவள் அங்கே முதல் நிலையில் நிற்கிறாள். ஆனாலும் நல்ல பள்ளி கிடைத்தது வேறு, அவளைக் கேட்டுத் தெரிந்தது வேறு. குறையுள்ள பிள்ளைக்கென்று வீடு முழுவதும் ஓடும்போது, குறையில்லாத பிள்ளை தானாக வளரும் என்று விட்டுவிடுகிறோம்.

தம்பி இப்போது 10ஆம் தரத்தில் இருக்கிறான். வகுப்பிலே நடுவான பிள்ளை. கணக்கிலே கெட்டிக்காரன், தமிழ்க் கட்டுரையிலே இன்னும் தடுமாறுகிறான். பரீட்சைத் திணைக்களம் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு மேலதிக நேரம் போன்ற சலுகைகளை, முன்கூட்டியே விண்ணப்பித்தால் வழங்குகிறது. இதை அறியாத பெற்றார் இந்த மண்டபத்திலேயே இருக்கலாம், ஆதலால் சொல்கிறோம்.

சங்கத்தாரிடம் எமக்கு ஒரு விண்ணப்பம் உண்டு. எங்கள் அறநெறி வகுப்பு நடக்கும் பின்மண்டபத்திலே விசிறிகள் இரண்டும் போடும் சத்தம் உங்களுக்குப் பழகியிருக்கும். முன்வரிசைப் பிள்ளைக்கும் ஆசிரியர் சொல்வது கேளாது. அவற்றை மாற்ற எவ்வளவு முடியும் என்று கடையிலே விலை கேட்டு வைத்திருக்கிறோம். தாள் செயலாளரிடம் இருக்கிறது. வருடத்துக்கு ஒருமுறை, வகுப்புக்கு வரும் பிள்ளைகள் எல்லோரையும் காது, கண் பரிசோதனைக்கு அழைத்துச் செல்ல மருத்துவபீட நண்பர்கள் சிலர் உதவ இசைந்திருக்கிறார்கள். பொருளாளர் வான் காசுக்கு மட்டும் வழி பார்த்தால் போதும்.

தங்கை சென்ற ஆண்டு வயலினைத் திரும்பவும் எடுத்திருக்கிறாள். அடுத்த நிகழ்ச்சி அவளுடையது. தம்பி முன்வரிசையிலே இடது ஓரத்தில் இருக்கிறான். ஒலிபெருக்கியைச் சிறிது குறைத்து வைக்கும்படி அதைக் கவனிக்கும் நண்பரைக் கேட்டுக்கொண்டு அமர்கிறோம்.